அலமாரிக்குள் ஒரு காது

எங்கள் வீட்டில் யாரும் மெல்லப் பேசியதில்லை. அப்பா சங்கு குளிக்கிறவர். சித்தப்பாக்களும் அதே தொழில்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆழத்துக்கு இறங்குகிற ஆளுக்கு முதல் பருவத்திலேயே காது உடையும். இரத்தம் நிற்கும், வலி போகும், கூடவே பாதிச் சத்தமும் போய்விடும். கடற்கரையில் அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. காது உடையாதவனைத்தான் இன்னும் தொழில் படியாதவன் என்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் உப்பு கேட்பதும் சண்டை போடுவதும் ஒரே குரலில் நடக்கும். அம்மாவுக்குக் காதில் ஒரு குறையும் இல்லை. வாழ்க்கைப்பட்டு வந்த இடத்தில் கத்தினால்தான் சோறு கேட்க முடியும் என்று அவளும் கத்தப் பழகிக்கொண்டாள். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் எங்களைச் சமாதானப்படுத்த வாசலில் வந்து நிற்பதும், நாங்கள் மீன் குழம்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்று தெரிந்து திரும்பிப் போவதும் உண்டு.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்காது என்பதை யார் கண்டுபிடிப்பது? எனக்கே அது தெரியாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர்களின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. படித்தவர்கள் குரலைச் சிக்கனமாகச் செலவழிப்பார்கள் போலிருக்கிறது, நாகரிகம் என்பது இதுதான் என்று நான் முடிவுகட்டினேன். நானும் நாகரிகமாக உதட்டை மட்டும் அசைத்துப் பாடம் ஒப்பித்து, அதற்காக முட்டி போட்டேன். ஆனாலும் உதடுகளைப் பார்த்துப் பார்த்தே எழுத்தும் கணக்கும் இங்கிலீஷும் படித்தேன். வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகும் ரேங்க் வாங்கினேன். இதைச் சொல்வது தற்பெருமை என்றால் இருக்கட்டும்; எங்கள் வீட்டில் வேறு யாரும் எனக்காக இதைச் சொல்லப்போவதில்லை, அவர்களுக்கு ரேங்க் என்றால் என்னவென்று தெரியாது.

பத்தாம் வகுப்பில் பள்ளிக்கு வந்த டாக்டர் ஒருவர் என் காதருகே ஒரு இரும்புக் கவையைத் தட்டி வைத்துப் பார்த்துத்தான் விஷயத்தைச் சொன்னார். அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம்.

"கடலுக்கே போவாம இவளுக்கு எப்படிளா காது போச்சு?" என்று அம்மாவிடம் கத்தினார்.

"உம்ம மகதான, வேற எப்படி இருப்பா?" என்று அம்மா கத்தினாள்.

அப்பாவின் முகத்தில் வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம் தெரிந்தது.

எங்கள் வகுப்பு டீச்சர் அன்றைக்கே என்னை முதல் பெஞ்சில் உட்காரவைத்தார். அது பெரிய சலுகை. எங்கள் பள்ளியில் உயரப்படிதான் இருக்கை. குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால். நான் வகுப்பிலேயே நெட்டை. எனக்குப் பின்னால் இருந்தவளுக்குக் கரும்பலகைக்குப் பதிலாக என் பின்னல்தான் தெரிந்தது. அவள் முணுமுணுத்தாள். முணுமுணுப்பு எனக்குக் கேட்கவில்லை, அதனால் நிம்மதியாகப் படித்தேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு நல்ல காரியம். அந்தக் காலத்தில் பள்ளியிறுதியான பதினோராம் வகுப்பின் தொடக்கத்தில் ஊரிலுள்ள பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து எனக்குக் காது கேட்கும் மெஷின் வாங்கிக்கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடப் பெரிய, சோப்புப் பெட்டியைவிடச் சிறிய ஒரு பெட்டி. அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு வயர் கிளம்பிக் காதுக்குள் போகும். பள்ளியில் பந்தல் போட்டு விழா நடந்தது. கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் என் காதைப் பற்றியே பேசினார்கள் என்று பிறகு சொன்னார்கள். மேடையில் அவர்கள் பக்கவாட்டில் நின்றதால் எனக்கு உதடு தெரியவில்லை.

போட்டோ எடுக்க வந்தவர், "பாப்பா, காது கேக்குத மாதிரி சிரி" என்றார்.

"அது எப்படி அண்ணாச்சி?"

அவர் புருவத்தை உயர்த்தி, வாயைப் பிளந்து காட்டினார். நானும் அப்படியே செய்தேன். மறுநாள் பத்திரிகையில் வந்த படத்தில், கருவாட்டுக் கூடையைத் திறந்து மூக்கை நீட்டியவள் போல இருக்கிறேன்.

விழா நடந்த அன்று மட்டும் மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தது. போட்டுக்கொண்டு வாசலில் கால் வைத்தேன். "என்னளா அது கழுத்துல?" என்று அப்பா கேட்டது இடி விழுந்தது போல இருந்தது. தாவணி உரசினால் அலை அடிப்பது போலச் சத்தம். தலையைத் திருப்பினால் விசில். சாப்பிட்டு முடிப்பதற்குள் கழற்றிவிட்டேன்.

"எங்க பேச்சக் கேக்க மெஷின் எதுக்குளா? நாங்க என்ன ரகசியமா பேசுதோம்?" என்றார் அப்பா. நியாயம்தான். ஆனால் மெல்லப் பேசும் வகுப்பறையில் அது உதவும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பு வரவில்லை. மறுநாள் காலையில் தலைமையாசிரியை என்னை அழைத்தார். கன்னியாஸ்திரீ என்பதால் அவரைப் பெரிய சிஸ்டர் என்போம். மெஷினைத் துணியில் சுற்றி, தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"கடல் காத்து மகளே. ரெண்டு மழைக்குள்ள பச்சை பிடிச்சிரும். தேவைப்படும்போது எடுத்துக்குவோம்."

"எனக்கு தினமும் தேவைப்படுமே சிஸ்டர்."

"தினமும் எடுத்தா கெட்டுராதா?"

அடுத்த ஏற்பாட்டையும் அவரே செய்தார். பிள்ளைக்கு மெஷின் வந்துவிட்டது, இனி அவளும் மற்றவர்களைப் போலத்தான். எனவே உயரப்படி கடைசி பெஞ்சுக்குப் போகவேண்டும். சிஸ்டர் நல்லவர். என்னை எல்லோருக்கும் சமமாக்கிவிட்டதில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். மெஷின் அலமாரியில் இருந்தது, நான் கடைசி பெஞ்சில் இருந்தேன், நடுவில் ஒரு வராந்தா இருந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து டீச்சரின் உதடு ஒரு புள்ளி. குறிப்புகளை அவர் சொல்லச் சொல்ல எல்லோரும் எழுதினார்கள். நான் எழுதுவதுபோலக் கையை அசைத்தேன். அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் தோற்றேன். வாழ்க்கையில் முதல் முறையாகத் தோற்றது அப்போதுதான். அம்மா அதிகம் திட்டவில்லை. "பெரிய பரீட்சையில பாஸானா மேல பாப்போம். இல்லன்னா கருவாட்டுக் கொட்டகைக்கு வந்துரு, அங்கன ஆள் குறையுது" என்றாள். அவளுடைய கணக்கு அவ்வளவுதான், அதில் தப்பும் இல்லை. ஒருமுறை தோற்ற பிள்ளையை மறுபடி எழுத அனுப்பும் வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. ஆக, பரீட்சைக்குள் எனக்கு முன் பெஞ்சு கிடைத்தாக வேண்டும். இல்லையென்றால் கருவாடு.

இடைக்காலத்துக்கு நானே ஒரு கருவி செய்துகொண்டேன். அப்பா இளவயதில் முத்துக் குளிக்கப் போனபோது, அடியில் இருப்பவர் கயிற்றை இழுத்தால் தோணியில் இருப்பவர் அவரை மேலே தூக்குவாராம். நான் அதைத் தலைகீழாக்கினேன். தூண்டில் நரம்பின் ஒரு முனையை என் கால் கட்டைவிரலில் கட்டி, மறுமுனையைப் பக்கத்தில் இருந்த கூட்டுக்காரியிடம் கொடுத்தேன். ஒரு இழுப்பு என்றால் என் பெயரைக் கூப்பிடுகிறார்கள், எழுந்து நில். இரண்டு என்றால் உட்கார்.

"ஏளா, அப்போ நான் தூண்டிக்காரியா? நீ என்ன மீனுளா?" என்றாள் அவள்.

"இழுக்கத் தெரிஞ்சா போதும், வெல பேசாத."

வருகைப் பதிவுக்கு அது அருமையாக வேலை செய்தது. ஆனால் நரம்பு பெயரைச் சொல்லுமே தவிர அல்ஜீப்ராவைச் சொல்லாது. பெரிய சிஸ்டரிடம் போய் முன் பெஞ்சு கேட்டேன்.

"மெஷின் குடுத்தவங்க மனசு என்ன பாடுபடும்? பேப்பர்ல படமெல்லாம் வந்திருக்கு. இப்பப் போயி கேக்கலைன்னு சொன்னா?"

"கேக்கணும்னா அது என் காதுல இருக்கணும் சிஸ்டர்."

"வாய் மட்டும் நல்லாத்தான் வேலை செய்யுது" என்று அனுப்பிவிட்டார்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாளுக்கு முன்னால் கல்வி அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தார். அன்று காலையில் அலமாரி திறந்தது. பெரிய சிஸ்டரே மெஷினை என் கழுத்தில் மாட்டிவிட்டார். பெட்டி கனமே இல்லாமல் ஆடியது. அதிலிருந்த பேட்டரி ஹாஸ்டல் டிரான்சிஸ்டருக்குப் போய்விட்டிருந்தது. ஆக, அது சும்மா இருக்கவில்லை. ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு நாள்தோறும் செய்தி கேட்க உதவிக்கொண்டுதான் இருந்தது.

"சிஸ்டர், பேட்டரி இல்லையே?"

"ஸ்ஸ். உனக்குத்தான் உதட்டப் பாக்கத் தெரியுமே, சமாளி."

அதிகாரி பருத்த உடம்பும் வெள்ளைச் சட்டையுமாக வந்தார். பெரியவர்களிடம் பேசும்போது வாயைப் பொத்திக்கொள்வது மரியாதை. வகுப்பு டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசினார். பெரிய சிஸ்டர் கையைக் குவித்து வாயருகே வைத்துக்கொண்டு, கோயிலில் பேசுவது போல மெல்லப் பேசினார். அறிவியல் டீச்சர், சோதனைக் குழாய்கள் எல்லாம் உடைந்துவிட்டன என்று முறையிட்டாராம். அதிகாரி, "ரொம்ப சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்" என்றாராம். சர்க்கார் பதில் அப்படித்தான் இருக்கும் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு மெஷின் வேலை செய்கிறதா என்று பார்க்க அவர் எங்கள் வகுப்பின் பின்பக்கம் போய் நின்று என் பெயரைக் கூப்பிட்டார். கட்டைவிரல் சுண்டியது. எழுந்து திரும்பினேன். பெரிய சிஸ்டர் மேலே பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அதிகாரி என் எதிரே வந்து, "அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டார். உதடு தெளிவாகத் தெரிந்தது. சொன்னேன். வகுப்பே கைதட்டியது.

அவருக்கு ஆசை வந்துவிட்டது. என் காதிலிருந்ததை வாங்கித் தன் காதில் செருகிக்கொண்டு, ஏதாவது பேசும்படி பெரிய சிஸ்டரிடம் சொன்னார். வாய்மேல் கையை வைத்தபடி சிஸ்டர் ஏதோ சொன்னார். அதிகாரி ஒரு விநாடி அவருடைய கையையே பார்த்தார். பிறகு சிரித்தார், பிறகு தலையாட்டினார்.

"அடடா, ரொம்பத் தெளிவா இருக்கு!"

பேட்டரி இல்லாத பெட்டி. அந்தச் சிரிப்பையும் அதன் பின்னால் தாமதமாக வரும் தலையாட்டலையும் எனக்குத் தெரியும். நான் தினமும் செய்வது அதைத்தான். கேட்காத பேச்சுக்கு ஆமாம் போடுகிற ஆட்டல் அது.

அவர் குனிந்து, என்னிடம் மட்டும் ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுச் சத்தத்தில் கேட்டார்: "இது எங்கம்மா கிடைக்கும்? எனக்கில்ல, வீட்டுல ஒருத்தருக்கு."

டீச்சர்கள் ஓட்டுக்கூரையைப் பார்த்தார்கள். என் கூட்டுக்காரி சிரிப்பை அடக்க முடியாமல் நரம்பைத் தாறுமாறாக இழுத்தாள். விரலிலிருந்து அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அவருடைய முகத்துக்கு நேரே நின்றேன். எந்த மரியாதைக்கும் வாயைப் பொத்தவில்லை. அப்பாவிடம் பேசுவது போலப் பேசினேன்.

"ஐயா! எனக்கு முன் பெஞ்சு வேணும்! டீச்சர் மூஞ்சியப் பாத்தாத்தான் பாடம் புரியும்!"

காலையிலிருந்து அவர் காதில் விழுந்த முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். முகமே மலர்ந்துவிட்டது.

"முன்னாலயா? போ, போ. போய் உக்காரு!"

பெரிய சிஸ்டர் பதறி முன்னால் வந்தார். வாயைப் பொத்திக்கொண்டு, மிகுந்த பணிவோடு, உயர வரிசையைப் பற்றியும் மெஷினைப் பற்றியும் விளக்கியிருக்க வேண்டும். அதிகாரி அவருக்கும் சிரித்துத் தலையாட்டினார். "ஆமா, ஆமா, அதான் சரி."

தான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார் என்று சிஸ்டர் நினைத்தார். நான் சொன்னதை ஏற்றுக்கொண்டார் என்று நான் நினைத்தேன். ஆனால் புத்தகங்கள் என் கையில் இருந்தன. நேரே முன்னால் போனேன்.

முதல் பெஞ்சுக் குட்டைக்காரி நகரவில்லை. "ஏளா, உசரத்துக்குப் பின்னாலல்லா உக்காரணும்?"

"ஐயா சொல்லியாச்சு. தள்ளுளா."

அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தள்ளினாள்.

அவர் அடுத்த வகுப்புக்குப் போனதும் பெரிய சிஸ்டர் மட்டும் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். என்னை எழுப்பினால் அதிகாரியின் வார்த்தையை மீறியதாகும். எழுப்பாவிட்டால் தன் வார்த்தை என்ன ஆவது? காலையிலிருந்து வாயருகிலேயே இருந்த கை கீழே இறங்கியது. அவருடைய உதடு முழுதாகத் தெரிந்தது.

"சரி. கூனிப்போயி உக்காரு. பின்னால இருக்கவளுக்குப் போர்டு தெரியணும்."

ஒவ்வொரு எழுத்தும் எனக்குப் புரிந்தது. நான் சிரித்தேன், கொஞ்சம் தாமதித்துத் தலையாட்டினேன், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.