இரண்டாம் நாள் எழுதிய பதில்

தேக்கு மரத்தாலான அந்த அடுக்கில் முப்பத்தொரு அறைகள் இருந்தன. ஒவ்வோர் அறையின் நெற்றியிலும் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை வெள்ளைச் சாயத்தில் எண்கள் எழுதப்பட்டிருந்தன. திங்களின் எந்த நாளில் ஒரு கடிதம் வெளியே போகவேண்டுமோ, அந்த நாளுக்குரிய அறையில் அதை உறையிட்டு வைத்துவிட்டால் போதும். அனுப்புகைப் பிரிவு அம்மையார் காலையில் வந்ததும் அன்றைய அறையை மட்டும் வழித்தெடுத்து அஞ்சலில் சேர்த்துவிடுவார். பிழை நேராத ஏற்பாடு என்று அதை நான் பலரிடம் புகழ்ந்திருக்கிறேன். அதை அமைக்கச் சொன்னவனும் நானே.

திருத்தணியில், மலைக்குச் செல்லும் சாலையை ஒட்டியிருந்த அவ்வலுவலகத்தில் என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகள் கழிந்தன. துறையின் பெயர் இங்கு வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த புதிதில், எங்கள் அலுவலகத்துக்குரிய தகவல் அலுவலராக என்னை அமர்த்தினார்கள். கேட்ட தகவலை முப்பது நாள்களுக்குள் தரவேண்டும். தவறினால் அலுவலரின் ஊதியத்திலிருந்தே தண்டம் பிடிப்பார்கள். அச்சத்தோடுதான் தொடங்கினோம். தொடக்கத்தில் ஒருவருக்கு மூன்றே நாளில் பதில் அனுப்பினோம். அவர் மறு வாரமே பத்து வினாக்களோடு திரும்பி வந்தார். விரைந்து கொடுத்தால் விரைந்து கேட்பார்கள் என்று பிரிவுகள் முணுமுணுத்தன. அதன் பிறகே அந்த அடுக்கு வந்தது. பதில் எந்த நாளில் ஆயத்தமானாலும், கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்பாகத்தான் அது வெளியே போகும். முப்பது நாள் என்பது மக்களுக்காக விதித்த எல்லை என்பதை மறந்து, எங்களுக்குக் கொடுத்த இடைவெளி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்பது எங்கள் பெருமையாக இருந்தது.

அந்த நெசவாளர் வந்தது ஒரு முற்பகலில். ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவூர் ஒன்றைச் சேர்ந்தவர். நாற்பது வயதிருக்கும். விரல் இடுக்குகளில் நீலச் சாயம் ஏறியிருந்தது. ஒரு கையில் விண்ணப்பத்தாள். மற்றொரு கையில் இருந்த மஞ்சள் பையில் அடங்காமல் பெரிய உறையொன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நெசவாளர் குடும்பம் என்பதற்கு எங்கள் அலுவலகம் ஒரு சான்று வழங்கிவந்தது. பள்ளிச் சேர்க்கை, வீட்டுமனை, மருத்துவம் என்று பலவற்றுக்கும் அதைக் கேட்பார்கள். அதற்கு அவர் விண்ணப்பித்து இரண்டு திங்கள் ஆகியிருந்தது. மூன்று முறை வந்து கேட்டும், "வரும், போங்க" என்பதற்கு மேல் பிரிவில் எவரும் சொல்லவில்லையாம். தறிக்கூடத்தில் யாரோ புதிய சட்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். என் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது, ஏன் நிற்கிறது. அவ்வளவே அவர் வினா.

தாளை என்னிடம் நீட்டிவிட்டு, "சார், வூட்ல வந்து..." என்று அவர் தொடங்கினார். நான் கையுயர்த்தி நிறுத்தினேன். "காரணம் கூற வேண்டியதில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று வினவும் உரிமை எனக்கில்லை. சட்டமே அப்படித்தான் சொல்கிறது" என்றேன். அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. அரசு அலுவலகத்தின் முன் நின்று தம் வீட்டுத் துன்பங்களை ஒப்பித்தாக வேண்டிய நிலையிலிருந்து ஒருவரை விடுவிப்பதாகவே எண்ணினேன். அச்சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிரிவு அது. அவர் சற்றே விழித்தார். "அப்டிங்களா" என்றார். பிறகு கும்பிட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாளே கோப்பைத் தருவித்துப் பார்த்தேன். விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் அவர் கையொப்பம் இல்லை. அந்த ஒரு குறைக்காகத்தான் அது இரண்டு திங்களாக ஒரு கட்டின் அடியில் கிடந்திருக்கிறது. முந்தைய நாள் என் எதிரில் சட்டைப்பையில் பேனாவுடன் நின்றவர் அவர். நான் ஒரே வரியில் பதில் எழுதினேன்: விண்ணப்பதாரர் இரண்டாம் பக்கத்தில் கையொப்பமிடாமையால் விண்ணப்பம் நிலுவையில் உள்ளது. சுருக்கமும் தெளிவும் கொண்ட வரி என்று எனக்கே நிறைவாக இருந்தது. உறையிட்டு, உரிய அறையில் வைக்கச் சொன்னேன். பதில் எழுதியது இரண்டாம் நாள். அது போகவேண்டியது இருபத்தெட்டாம் நாள்.

அனுப்புகைப் பிரிவு அம்மையாரைப் பற்றி இங்குச் சொல்லவேண்டும். கணவர் இறந்தபின் கருணை அடிப்படையில் பணிக்கு வந்தவர். திருவாலங்காட்டிலிருந்து நாள்தோறும் வந்துபோவார். "நீங்க பேசறது கேக்க நல்லாத்தான் கீது சார், புரியறதுக்குத்தான் ரெண்டு நாளாவுது" என்று என் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரே ஆள். ஒரு வாரம் கழித்து அவர் என் மேசைக்கு வந்தார். அந்த நெசவாளர் முந்தைய நாள் மறுபடி வந்ததாகவும், பதில் அஞ்சலில்தான் வரும் என்று பிரிவில் சொல்லி அனுப்பிவிட்டதாகவும், அவர் வெளியே வேப்பமரத்தடியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார்.

"கவரு ரெடியாத்தான் கீது சார். அந்தாளு மூஞ்சியே சரியில்ல. இன்னிக்குத் தபால்ல சேத்துடட்டுங்களா?"

"ஒருவருக்கு முந்தினால் மற்றவருக்குப் பிந்தும் அம்மா. வரிசை மாறக்கூடாது" என்றேன்.

அவர் தம் மேசைக்குத் திரும்பிப் போனார். அந்த உறை அன்று போயிருந்தால் எவருக்கும் எதுவும் பிந்தியிருக்காது. மற்ற உறைகளும் ஆயத்தமாகத்தான் கிடந்தன. இதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. பின்னாளில் எண்ணாத நாளில்லை.

நெசவாளர் மீண்டும் என்னிடம் வந்தபோது அவர் தலை மழிக்கப்பட்டிருந்தது. திருத்தணியில் மழித்த தலையை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பேருந்து நிலையத்தில், உணவு விடுதியில், தொடர்வண்டியில், எங்கும் மலையிலிருந்து இறங்கிய தலைகள்தாம். நானும் அப்படித்தான் பார்த்தேன். அத்தலையில் சந்தனம் பூசியிருக்கவில்லை என்பதை என் கண் கண்டது, மனம் வாங்கவில்லை. பதில் கிடைத்த மகிழ்ச்சியில் வந்திருக்கிறார் என்று எண்ணி, முகம் மலர்ந்து, "மலைக்குப் போய் வந்தீர்களா? வேண்டுதல் நிறைவேறியதா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. வூட்ல தவறிட்டாங்க. பன்னெண்டு நாளாவுது" என்றார்.

எழுந்து நின்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து, மடிப்பு நீக்கி மேசைமேல் வைத்தார். பத்தாம் நாள் காரியத்தன்று அஞ்சல்காரர் கொடுத்தாராம். கையொப்பம் எங்கே இடவேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுவதாகச் சொன்னார். ஒரே மகளாம், இப்போது அவள் பள்ளியில் அதே சான்றைக் கேட்கிறார்களாம். நான் கோப்பை எடுத்துவரச் சொன்னேன். அவர் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தம் பெயரை எழுதினார். அது அரை நிமிடத்து வேலை.

அவர் சொல்லச் சொல்லத்தான் எல்லாம் விளங்கியது. மனைவிக்கு இதயத்தில் அடைப்பு. சென்னையில் ஒரு மருத்துவமனையில் அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். சலுகையில் செய்ய நெசவாளர் சான்று வேண்டும். சான்று வராமையால் அந்த நாள் தள்ளிப்போனது. தள்ளிய நாளும் கடந்தது. அன்று மஞ்சள் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது மருத்துவமனைப் படங்களின் உறை. உயிர் தொடர்பான வினாவென்றால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் தரவேண்டும் என்று அதே சட்டத்தில் உண்டு. என்னிடமிருந்த சட்டப் படியில் அவ்வரிக்கு அடிக்கோடும் இட்டிருந்தேன்.

"இதை ஏன் அன்றே சொல்லவில்லை?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் குரலை உயர்த்தவில்லை. "சொல்லத்தாங்க வந்தேன். காரணம் சொல்ல வாணாம்னு நீங்கதான் சொன்னீங்க. செரி, கவர்மெண்டுக்குத் தெரிஞ்சிருக்கும்போல கீதுன்னு நெனச்சுகினு போய்ட்டேன்."

சான்று அன்று பிற்பகலே ஆயத்தமாயிற்று. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தச் செய்கையை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. சான்று உரிய நாளில் கிடைத்திருந்தால் அப்பெண்மணி பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பிழைக்கும் வாய்ப்பு ஓர் உறைக்குள் இருபத்தாறு நாள் கிடந்தது என்பதை மட்டும் அறிவேன்.

மறுநாள் அந்த அடுக்கை அப்புறப்படுத்தச் சொன்னேன். அம்மையார் அதிலிருந்த உறைகளையெல்லாம் ஒரே நாளில் அஞ்சலில் சேர்த்தார். ஆயத்தமான பதில் அன்றே போகவேண்டும், குறை ஒன்று கண்டால் கடிதம் எழுதுமுன் ஆளைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்று ஆணையிட்டேன். மனுவோடு வருபவரிடம், "காரணம் வேண்டாம், எத்தனை நாளுக்குள் வேண்டும்?" என்று கேட்கத் தொடங்கினேன். ஓராண்டுக்குள் பெரும்பாலான பதில்கள் ஒரு வாரத்துக்குள் போயின. மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி எங்களைப் பாராட்டி, இந்த விரைவு எப்படி வந்தது என்று விளக்கச் சொன்னார். கால்மணி நேரம் விளக்கினேன். முறைகளைச் சொன்னேன், படிகளைச் சொன்னேன். கைதட்டினார்கள்.

திரும்பி வந்ததும், "மீட்டிங்ல அவரப் பத்திச் சொன்னீங்களா சார்?" என்று அம்மையார் கேட்டார். இல்லை என்றேன். அவர் பதிவேட்டைத் திறந்து தம் வேலையைப் பார்க்கலானார். என்னோடு அவர் செய்துவந்த கேலியெல்லாம் அன்றோடு நின்றது.

ஒன்றைக் கவனித்தேன். அந்த நெசவூரிலிருந்து வரும் மனுக்கள் மெல்ல மாறின. வினாவுக்கு முன்பாக நோய், சாவு, மகளின் திருமணம், தறி நின்றுபோனது என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருப்பார்கள். எனக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் இதைச் சொல்லிச் சிரித்தார். கதை எழுதும் ஊர் என்றார். எங்கிருந்து அப்பழக்கம் வந்தது என்று அவரிடமும் நான் சொல்லவில்லை.

ஓய்வு பெற்று ஓராண்டுக்குப் பின், என் பணிப்பதிவேட்டின் படி ஒன்று வேண்டி அதே அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருவர். அவர்களுக்கும் முன்னால், கைக்குழந்தையோடு ஒரு பெண். தாளை வாங்கிய இளைஞர் முதற்பக்கத்தைப் புரட்டிவிட்டு, "காரணம்லாம் வேணாம்மா, கேள்விய மட்டும் எழுதினாப் போதும்" என்றார். இனிமையாகத்தான் சொன்னார்.

"வாணாம்னாலும் கேட்டுக்குங்க சார்" என்றாள் அவள். "சொல்லாம வந்துடாதன்னு ஊர்ல சொல்லி அனுப்பிகிறாங்க."

அவர் தலை நிமிராமல் முத்திரையைத் தேடி எடுத்துக் குத்தினார்; எண் இட்டார்; ஒப்புகைச் சீட்டைக் கிழித்து நீட்டினார். அவள் சீட்டை வாங்கிக்கொண்டும் நகரவில்லை. குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். நான் முழுவதையும் கேட்டேன்.