காபிக்கடையில் உயிரோடு இருந்தவர்

படுப்பதற்கு முன் தரையை உள்ளங்கையால் ஒருமுறை துடைப்பார். பிறகு இடது கன்னம் கீழே, வலது கை தலைக்கு மேலே. ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தாலும் அசைய மாட்டார். இருபத்திரண்டு வருடமாகச் சினிமாவில் பிணமாகக் கிடப்பவர். யூனிட்டில் அவருக்கு 'மூச்சடக்கி' என்று பேர்.

"வயித்தால மூச்சு விட்டா கேமரா காட்டிக் குடுத்துரும். முதுகால விடணும்" என்பார். புதிதாகச் சாக வந்தவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். படப்பிடிப்பு நாளில் வயிறு முட்டச் சாப்பிடவும் மாட்டார். ஒருமுறை கதாநாயகன் இவர்மேல் விழுந்து நெஞ்சுருகப் புலம்பியபோது, இவருடைய வயிறு கடமுடவென்று பதில் சொல்லிவிட்டதாம்.

இந்த வருடம் பிணவேலையே வேண்டாமென்று இருந்தார். காரணம், மகள். அவளுக்கு இரண்டு கரு தங்காமல் போனது. இரண்டு தடவையும் இவர் எங்கேயோ ரத்தச்சாயம் பூசிக்கொண்டு கிடந்திருக்கிறார். சம்பந்தியம்மா இதையும் அதையும் முடிச்சுப் போட்டுப் பேசியபோது காதில் வாங்கவில்லை. மூன்றாவது உண்டானதும் மகளே வந்து நின்றாள்.

"எனக்கு அதுல நம்பிக்கை இல்லப்பா. இருந்தாலும், குழந்தை பொறக்குற வரைக்கும் படுக்காம இருக்க முடியுமா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அதட்டி அனுப்பியிருப்பார். அவள் தலையைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

அதனால்தான் அந்தப் பெரிய உளவாளிப் படத்தில் உட்காருகிற வேலையாகக் கேட்டு வாங்கினார். மூன்று நாட்டில் எடுக்கிறார்கள், ஹெலிகாப்டர் ஹெலிகாப்டராகப் பறக்கிறது. இவருக்குக் காபிக்கடை செட்டில் ஜன்னலோர மேஜை, கையில் ஒரு பேப்பர். நான்கு நாள் ஜம்மென்று உட்கார்ந்து ஆறிப்போன காபியை உறிஞ்சினார். கேமரா இரண்டு தடவை முகத்துக்கே வந்தது. "இந்தப் படத்துல முழிச்சிக்கிட்டே வர்றேம்மா" என்று மகளிடம் பெருமையடித்துக்கொண்டார்.

உளவாளி வந்து உட்காருகிற கடை வெடிக்காமல் இருக்குமா? எத்தனையோ கடைகளோடு சேர்ந்து வெடித்த மனிதருக்கு அது தோன்றவில்லை பாருங்கள். ஐந்தாம் நாள் காலை உதவி இயக்குநர் பெண் நோட்டோடு வந்தாள்.

"சார், நீங்க ஜன்னலுக்குக் கீழ. நெத்தியில ரத்தம்."

"வேற யாரையாச்சும் படுக்க வையேம்மா."

"உங்க முகம்தான் பதிவாயிடுச்சே சார். உக்காந்திருந்தவர்தானே செத்துக் கிடக்கணும்?"

அவருக்குத் தெரியாத நியாயமா? மாட்டேன் என்றால் நான்கு நாள் எடுத்ததும் பாழ், அந்தப் பெண்ணுக்கும் திட்டு. நெற்றியைக் காட்டினார். சாயம் சில்லென்று வழிய, ஜன்னலுக்குக் கீழே போய்ப் படுத்தார்.

முதல் ஷாட் முடிந்தது. "யாரும் எந்திரிக்காதீங்க, இன்னொண்ணு போறோம்" என்றது ஒலிபெருக்கி. அப்போதுதான் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. படுத்தபடியே எடுத்துக் காதில் வைத்தார். மகள்தான்.

"ஆஸ்பத்திரியில இருக்கேன்பா. ராத்திரியிலேர்ந்து குழந்தை அசைவே தெரியல. டாக்டர் இன்னும் வரல." குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அப்பா, நீங்க படுக்கலதானே?"

கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இல்லம்மா. உக்காந்துதான் இருக்கேன்."

"பெரியவரே, படுங்க!" என்று ஒலிபெருக்கி கத்தியது. அவர் போனின் வாயைச் சாயம் ஒட்டிய கையால் பொத்திக்கொண்டு, முதுகை இன்னும் நிமிர்த்தினார்.