ரோட்டுக்குப் போனவர்கள்

கொல்லிமலையில் கணக்கெடுக்கப் போனால் பலாச்சுளை தாராளமாகக் கிடைக்கும், பதில்தான் கிடைக்காது. திண்ணனூர் நாடு என்னும் மலைப்பகுதியில் ஒரு சிற்றூருக்குப் புதிதாகத் தார்ச்சாலை போட்டிருந்தார்கள். அதில் மினி பஸ் விடலாமா என்று வீடு வீடாகக் கேட்டு வருவது என் வேலை. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வீட்டில் இருந்தவர்களோ, "பஸ்ஸு எதுக்குங்க, நாங்க எங்க போறோம்?" என்று சிரித்தார்கள். ஒரு பெரியவர், பஸ் வந்தால் கோழி அடிபடும், அதையும் எழுதிக்கொள் என்றார்.

பூட்டிய வீட்டுக்காரர்கள் எங்கே என்று அவரிடமே கேட்டேன்.

"ரோட்டுக்குப் போயிருக்காங்க கண்ணு."

எதிரே இருக்கும் தார்ச்சாலைதானே, இதோ வந்துவிடுவார்கள் என்று சுளையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் சாய்ந்தது. ஒரு ஆளையும் காணோம்.

"ரோட்டுல அப்படி என்னதாங்க வேலை?" என்று எரிந்து விழுந்தேன்.

"பஸ்ஸு நிக்கற ரோடு கண்ணு. அடிவாரத்துப் பக்கம் இருக்குது. சந்தைக்கு, காலேசுக்குப் போறவங்க விடியறதுக்குள்ள எறங்கிருவாங்க. இனி இருட்டுனாத்தான் வருவாங்க."

எனக்குச் சுரீரென்றது. பஸ் வேண்டியவர்கள் எல்லாம் பஸ் பிடிக்கப் போய்விட்டார்கள். வேண்டாதவர்களிடம் உட்கார்ந்து, வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

ஆபீஸில் மேலதிகாரி அலட்டிக்கொள்ளவில்லை. "பூட்டின வீட்டுக்காரங்களும் இருந்தவங்க சொன்னதையேதான் சொல்லுவாங்கன்னு வெச்சு, கணக்கைப் பெருக்கிடுங்க," என்றார். அப்படிப் பெருக்கினால் அந்த ஊருக்கு இந்த ஜென்மத்தில் பஸ் வராது.

"கோழி அடிபடும்னு ஒரு பெரியவர் சொன்னதையும் பெருக்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டேன். நல்லவேளை, சிரித்துவிட்டார். இன்னொரு முறை போய்வர அனுமதியும் கொடுத்தார்.

இந்த முறை நேராகப் பஸ் நிற்கும் ரோட்டுக்கே போய் நின்றேன். சாயங்கால பஸ்ஸில் பூட்டிய வீட்டுக்காரர்கள் சிலர் இறங்கினார்கள். அரிசி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், ஊருக்குள் பஸ் வேண்டுமா என்று கேட்டேன்.

"ஏனுங்க, இதைத் தூக்கிட்டு ஒருக்கா மேல ஏறிப் பாத்துட்டுக் கேளுங்க," என்றாள். கேள்வி கேட்டதற்கே வெட்கமாக இருந்தது.

எல்லோரையும் பிடிக்க முடியவில்லை. அகப்பட்டவர்களின் பதிலை, அகப்படாத பூட்டிய வீடுகளுக்கும் சேர்த்துப் பெருக்கினேன். வீட்டில் இருந்தவர்களின் பதில் அவர்களோடு நின்றது. முடிவு தலைகீழாகப் புரண்டது.

பஸ் விட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து, வேலை ஒன்றும் இல்லாமலே, ஆசைக்காக அதில் ஏறிப் போனேன். ஊரிலிருந்து திரும்பும்போது ஜன்னலோர சீட்டில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். சந்தைக்குப் போகிறாராம். மடியில் கோழி.

"பஸ்ஸே வேண்டாம்னீங்களே!" என்றேன்.

"அது ஊட்டுல இருக்கறப்பச் சொன்னது கண்ணு," என்று கோழியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.