டீக்கடைத் திரையின் மஞ்சள்

ராஜபாளையத்தில் கல்யாண மண்டபங்களும் பூ மார்க்கெட்டும் கழித்துப்போடும் மஞ்சள் கேந்திப்பூவை வேகவைத்து, நாங்கள் பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றுகிறோம். இழவு வீட்டு மாலைகளை மட்டும் சேர்ப்பதில்லை; தெரிந்தால் ஒருவரும் துணி வாங்கமாட்டார்கள்.

அன்று துணி கொடியில் காயும்போதுதான் பூ பிரிக்கும் மாரியம்மா ஓடிவந்தாள். "அக்கா, செல்வம் அண்ணன் வீட்டு மாலையும் கலந்துருச்சுக்கா!"

செல்வம் அண்ணன் எங்கள் தெரு டீக்கடைக்காரர். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வருக்கியை டீயில் முக்கி நீட்டுவார். முந்தாநாள்தான் இறந்திருந்தார். அந்தத் துணியை விற்கவும் மனமில்லை, எரிக்கவும் மனமில்லை. மடித்துப் பரணில் போட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் மனைவி பட்டறைக்கே வந்துவிட்டார். மாரியம்மா வாய் சும்மா இருந்திருக்காது. திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"அவிய மாலை கலந்த துணி எங்கட்டி?"

"இந்தா இருக்கு மதினி."

பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கி முகத்தில் பொத்திக்கொண்டார். "எல்லாத்தையும் சுடுகாட்டுலயே விட்டுட்டு வந்தாச்சுன்னு நெனச்சேன். இம்புட்டு மிஞ்சிருக்கே."

இப்போது கடையில் மதினிதான் டீ ஆற்றுகிறார். வெயிலுக்குக் கட்டிய திரை அந்தத் துணிதான். சாயங்காலம் அதன் வழியே வெளிச்சம் இறங்கும்போது எல்லார் முகமும் மஞ்சளாகிவிடும். கிளாஸ் காலியான பிறகும் நான் எழுந்திருப்பதில்லை.