மூன்று கள்ளுக்கடைகளும் ஒரு சம்பந்தமும்

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது கள்ளுக்கடையில்தான். இப்படிச் சொன்னால் என் மனைவி முறைப்பாள். ஆனால் இல்லை என்று மறுக்கமாட்டாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பல வருஷம் மூடிக் கிடந்த கள்ளுக்கடைகளை அரசாங்கம் மறுபடி திறந்துவிட்டிருந்தது. நான் கும்பகோணத்துக்காரன், அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். வயது முப்பதை நெருங்கிவிட்டது. அதுவரை பார்த்த இடமெல்லாம் ஏதாவது ஒரு காரணத்தில் தட்டிப்போனது. ஒரு வீட்டில் ஆள் கறுப்பு என்றார்கள். இன்னொரு வீட்டில் ஆள் வாயையே திறக்கவில்லை என்றார்கள். நான் வாயைத் திறந்தால் என்னென்ன வரும் என்று எனக்குத்தான் தெரியும், அதனால்தான் திறக்கவில்லை.

சோழவந்தானில் பார்த்த பெண் பள்ளிக்கூட ஆசிரியை. அப்பா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அம்மா உண்டு. அம்மாவின் அண்ணன் மதுரையில் வெற்றிலை மண்டி வைத்திருந்தார். அந்த வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் தாய்மாமன் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று தரகர் சொல்லியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை நானும் அம்மாவும் பெண் பார்க்கப் போனோம். அவள் தலையைக் குனிந்துகொண்டு வரவில்லை. நேராக வந்து உட்கார்ந்து, “பஸ்ஸுல ரொம்ப நேரம் நின்னுட்டா வந்தீங்க?” என்று என்னிடம் கேட்டாள். என் சட்டை கசங்கியிருந்ததைப் பார்த்திருக்கிறாள். எனக்கு அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

சிக்கல் காபியில் ஆரம்பித்தது. சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மற்றவர்கள் சாப்பாட்டை மட்டும்தான் தவிர்ப்பார்கள். என் அம்மாவுக்கு எதிலும் ஒரு படி மேலே போனால்தான் திருப்தி. காபி, பலகாரம், தண்ணீர் எதையும் தொடக் கூடாது என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். பெண்ணின் அம்மா தட்டோடு வந்து நின்றபோது நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்த அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. விதவை கையால் கொடுப்பதால் வேண்டாம் என்கிறோமோ என்று அவர் நினைத்துவிட்டார் என்று எனக்கு வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய்ச் சொல்லவும் முடியவில்லை.

எங்கள் பக்கம் சம்மதம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டோம். அவர்கள் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். அம்மா ஊருக்குப் பஸ் ஏறினாள். திங்கட்கிழமை மதுரையில் எனக்கு அலுவலக வேலை இருந்ததால் ரயில்வே ஸ்டேஷன் எதிரில் ஒரு லாட்ஜில் தங்கினேன். அந்த அம்மாவின் முகம் தூங்கவிடவில்லை. இனி இந்த வீட்டு மனிதர்கள் எது கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அதைவிட முட்டாள்தனமான முடிவை நான் என் வாழ்க்கையில் எடுத்ததில்லை.

ஏனென்றால், பெண் தன் மாமாவிடம் ஒரே ஒரு நிபந்தனை சொல்லியிருந்தாள். ஆள் எப்படி இருந்தாலும் சரி, குடிக்கக் கூடாது. இது அப்போது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா லாட்ஜுக்கே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றி நிறைய விபூதி.

“மாப்ள, மதுரைக்கு வந்துட்டு எல்லாரும் கோயிலைத்தான் பாத்துட்டுப் போறாங்க. நாம வேற ஒரு ரவுண்டு போவோம். நம்ம பக்கத்துக் கள்ளு கடைக்குக் கடை ஒரு ருசி. மூணு கடை காட்டுறேன், வாங்க.”

நான் திருதிருவென்று விழித்தேன்.

“என்ன யோசிக்கிறீங்க? வெயில் ஏறுனாப் புளிச்சுப் போகும். இப்பவே கெளம்பிரணும்.”

வரவேற்பறைப் பையனையும் அவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டார். ஆகையால் அந்த அழைப்பை வைத்து என் விஷயத்தில் எதையும் முடிவு கட்ட முடியவில்லை. நான் அதுவரை கள்ளை மோந்துகூடப் பார்த்தவன் இல்லை. ஆனால் முந்தின நாள்தான் அந்த வீட்டுக் காபியை மறுத்திருந்தேன். இன்றைக்கு இதையும் மறுத்தால் சம்பந்தம் அவ்வளவுதான் என்று தோன்றியது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் கடை வைகைக்கு அந்தக் கரையில், கீற்றுக் கொட்டகை. உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் எழுந்தே விட்டார்.

“அண்ணே, எம்புட்டு நாளாச்சு! வழி மறந்து போச்சா?”

கேட்காமலே இரண்டு கண்ணாடி டம்ளர் வந்தது. கூடவே இலையில் வேகவைத்த மொச்சை. மாமா என் பக்கம் ஒரு டம்ளரைத் தள்ளினார். தன்னுடையதைப் பெஞ்சின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார். விருந்தாளி குடித்த பிறகு குடிப்பது இவர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு விளக்கெண்ணெய் குடிப்பதைப்போல ஒரே மடக்கில் குடித்து முடித்தேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரே மூச்சுல போட்டுட்டீங்களே.”

பாராட்டுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

இரண்டாவது கடைக்கு டவுன் பஸ்ஸில் போனோம். சோழவந்தான் ரோட்டில் இறங்கி, வாய்க்கால் கரையோரம் நடந்தால் தென்னந்தோப்பு. மரத்தடியில் பெஞ்சு போட்டிருந்தார்கள். இங்கேயும் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. இங்கேயும் அவர் டம்ளர் தொடப்படாமல் நின்றது. நான் இரண்டாவது டம்ளரில் பாதி போயிருந்தேன். காது சூடாகிவிட்டது. நாக்கு தானாக ஆடத் தொடங்கியது.

“நேத்து காபி வேண்டாம்னேன் பாருங்க, அது எங்க அம்மா போட்ட சட்டம் சார். எனக்கு அதுல இஷ்டமே இல்ல. உங்க தங்கச்சி முகம் வாடிப் போச்சு. ராத்திரி பூரா தூக்கம் வரல. அவங்க கையால எதைக் குடுத்தாலும் நான் சாப்பிடுவேன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க.”

மாமா தரையில் ஒரு தென்னங்குரும்பையைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

“நீங்க ஏன் சார் குடிக்கல?” என்று கேட்டேன்.

“நான் விட்டுட்டேன் மாப்ள. என் மச்சான் செத்த அன்னைக்கு, தங்கச்சி முன்னாடி சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுனேன். அதுக்கப்புறம் கடைக்குள்ள கால் வச்சதே இன்னைக்குத்தான்.”

பிறகு நிதானமாகச் சொன்னார். “கடையை மூடுறதுக்கு முன்ன மச்சானும் நானும் இதே பெஞ்சுலதான் உக்காருவோம். கடை இல்லாத காலத்துல திருட்டுச் சரக்கு. அதுலதான் அவரு போய்ச் சேந்தாரு. அந்த ஆளைத் தங்கச்சிக்குப் பாத்து வச்சதே நான்தான். வீட்டுல வச்சுப் பாத்தேன், தங்கமா இருந்தாரு. வீட்டுல எல்லாரும் தங்கந்தான். கடையில வச்சுப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அதான் உங்களைக் கடையில வச்சுப் பாக்கலாம்னு வந்தேன். பாப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. குடிக்கிறவரு வேண்டாம் மாமான்னு. அம்புட்டுத்தான்.”

டம்ளர் என் கையில் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் மண்ணில் வைத்தேன். போதை எங்கே போனதென்று தெரியவில்லை.

“எனக்குப் பழக்கமே இல்ல சார். இன்னைக்குத்தான் முதல் தடவை.”

“எல்லாரும் அப்படித்தான் மாப்ள சொல்றாங்க.”

அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கோபப்பட்டாலாவது சமாதானம் பேசலாம்.

மூன்றாவது கடைக்குப் போயிருக்க வேண்டியதே இல்லை. ஆனால் அவர் எழுந்து நடந்தார், நானும் பின்னாலேயே நடந்தேன். புஞ்சைக் காட்டில் பத்துப் பதினைந்து பனைகள், அவற்றின் நடுவே கடை. அப்போதுதான் மரத்திலிருந்து இறக்கிய பனங்கள் கலயத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் மாமாவுக்கு ஊற்றி வைத்துவிட்டு, “நம்ம மச்சானுக்கு ரொம்பப் பிடிச்ச மரம்ணே இது” என்றார். இறந்துபோனவரைத்தான் சொன்னார். பாவம், அவர் அன்பாகத்தான் சொன்னார்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து பனை மறைவுக்கு ஓடி, மொச்சையும் கள்ளுமாக எல்லாவற்றையும் கக்கினேன். கண்ணில் நீர் வழிய நிமிர்ந்தபோது மாமா டம்ளரைக் கையில் எடுத்திருந்தார். உதட்டுக்கு அருகே கொண்டுபோய்விட்டார். கள் வேட்டியில் சிந்திக்கொண்டிருந்தது. அவர் பார்வை எங்கோ இருந்தது. நான் ஒருத்தன் கூட வந்திருப்பதே அவருக்கு மறந்திருந்தது.

எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. போய் அந்த டம்ளரைப் பிடுங்கி மண்ணில் ஊற்றினேன். “வேண்டாம் மாமா. எந்திரிங்க, போவோம்” என்றேன். அதுவரை சார் என்று கூப்பிட்டவன் எப்படி மாமா என்றேன் என்று எனக்கே தெரியாது. அவர் மண்ணில் ஊறிக்கொண்டிருந்த ஈரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

பஸ்ஸில் திரும்பினோம். மாமா என்னை லாட்ஜ் வாசலில் விட்டுவிட்டு, “மோர் வாங்கிக் குடிங்க. வெறும் வயித்தோட படுக்காதீங்க. நான் சோழவந்தானுக்குப் போறேன்” என்று மட்டும் சொன்னார். சம்பந்தம் போய்விட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். கசங்கிய சட்டையைக் கவனித்துப் பேச இன்னொரு பெண் எனக்குக் கிடைக்கப்போவதில்லை என்றுதான் அழுதேன்.

மறுநாள் மாலை மண்டி ஆள் ஒருவர் வந்து, சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்றார். நான் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் எரிச்சலாகிவிட்டார். வைகாசியில் சோழவந்தானில் கல்யாணம் நடந்தது. நான் வாந்தி எடுத்ததைப் பார்த்து, இவன் குடிகாரன் இல்லை என்று மாமா கண்டுகொண்டார், அதனால்தான் காரியம் கைகூடியது என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். என் சாமர்த்தியத்தை அலுவலகத்தில் கதையாகச் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

எங்களுக்கு முதல் குழந்தை பிறந்த பிறகு ஒருநாள் அந்தக் கதையை மனைவியிடமே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“மாமா அன்னைக்குச் சாயந்தரம் வீட்டுக்கு வந்தாரு. அம்மா, மாப்பிள்ளை குடிச்சாரான்னு கேட்டுச்சு. குடிச்சாருன்னாரு. அப்ப வேண்டாம்ணேன்னு அம்மா சொல்லிருச்சு. நானும் சரின்னுட்டேன். அங்கனயே முடிஞ்சு போச்சு.”

“பிறகு?”

“மாமா எந்திரிச்சுப் போகல. தலையைக் குனிஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. அப்புறம் சொன்னாரு. அந்தப் பையனுக்குக் குடிக்கவே தெரியாது, நான் குடுத்தேன்னு மரியாதைக்குக் குடிச்சாருன்னாரு. அம்மா நம்பல. நீ எப்படிண்ணே அம்புட்டு உறுதியாச் சொல்றன்னு கேட்டுச்சு. அதுக்குத்தான் மூணாவது கடையில நடந்ததைச் சொன்னாரு. நான் டம்ளரைக் கையில எடுத்துட்டேன் தங்கச்சி, குடிக்கத்தான் போனேன், அந்தப் புள்ளதான் பிடுங்கிக் கீழ ஊத்துச்சுன்னு. தன் கல்யாணம் போச்சுன்னு தெரிஞ்ச பொறகும் என்னைக் காப்பாத்துன ஆளை விட்டுறாதீங்கன்னு சொன்னாரு.”

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் தொடர்ந்தாள்.

“எங்கப்பா சாவுல பண்ணுன சத்தியம் அது. அதைச் சொன்னா அம்மா என்ன செய்யும்னு மாமாவுக்குத் தெரியும். அம்மா எந்திரிச்சு உள்ள போயிருச்சு. அன்னையிலருந்து அவருகூடப் பேசவே இல்ல. நான்தான் அவருகிட்ட, எனக்குச் சம்மதம் மாமான்னு சொன்னேன். தன் மானம் போனாலும் பரவாயில்லன்னு ஒருத்தரு சொல்றது பொய்யா இருக்காதுன்னு நெனச்சேன்.”

அவர் சும்மா இருந்திருந்தால் அவருக்கு ஒன்றும் குறைந்திருக்காது. பனந்தோப்பில் நடந்ததை அந்த வீட்டில் யாரும் தெரிந்துகொண்டிருக்க மாட்டார்கள். எனக்குத்தான் இந்தக் குடும்பமே இல்லாமல் போயிருக்கும். எனக்காக யாரும் இவ்வளவு செய்ததில்லை. என்னைப் பெற்றவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எனக்கு அப்போது கல்யாணப் பந்தல்தான் நினைவுக்கு வந்தது. கல்யாணம் நடந்த மூன்று நாளும் வாழைமரம் கட்டியவர், இலை போட்டவர், எங்கள் ஊர் ஆட்களைப் பஸ் நிறுத்தத்திலிருந்து கூட்டிவந்தவர் எல்லாம் அவர்தான். பந்தி முடிந்து கூப்பிட்டபோதும் அவர் வீட்டுக்குள் வரவில்லை; பந்தலிலேயே இலை போடச் சொல்லி உட்கார்ந்தார். தங்கை வீட்டில் இவர் ஏன் விருந்தாளியைப்போல வாசலோடு நிற்கிறார் என்று நான் நினைத்தேன். அவரிடமே போய், “என்ன மாமா, உள்ளே வரமாட்டீங்களா?” என்று கேலியாகக் கேட்டேன். “இருக்கட்டும் மாப்ள, இங்க காத்தோட்டமா இருக்கு” என்றார்.