நாலாவது வட்டம்

இது சத்தியமாக நடந்தது. மனித அறிவுக்கு எட்டாத சக்திகளோடு தினமும் மோதுகிற தொழில் என்னுடையது. அதாவது, இணையப் படிவங்களில் மக்கள் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் சின்ன வட்டங்களைச் செய்கிறேன். ஒன்றைத் தொட்டால் புள்ளி அதில் விழ வேண்டும்; மற்றவை காலியாக வேண்டும். அவ்வளவுதான். என் அறிமுக அட்டையில் 'முதன்மை இடைமுகச் சிற்பி' என்று போட்டிருக்கிறார்கள்.

அப்போது ஒரு மருத்துவமனைக்குப் படிவம் செய்திருந்தோம். என் அக்காவும் அங்கேதான் படுத்திருந்தாள். மறுநாள் காலை அறுவை சிகிச்சை. மதியம் போன் செய்தாள்.

"டேய் சிற்பி, நான் மயக்கத்துல இருக்கும்போது யாரைக் கேட்டு முடிவெடுக்கணும்னு ஒரு கேள்வி. உன்னைத்தான் தொட்டேன். புள்ளி நாலாவதுக்குப் போகுது."

"கணவர், பிள்ளை, உடன்பிறந்தவர். மூணுதான்க்கா."

"நாலு இருக்குடா. கடைசிக்குப் பேரே இல்ல."

சிரித்துக்கொண்டே என் கணினியில் அதே படிவத்தைத் திறந்தேன்.

நாலு இருந்தன.

நிரலில் மூன்று பெயர்கள்தான். வரி வரியாகப் பார்த்தேன். 'உடன்பிறந்தவர்' வட்டத்தைத் தொட்டேன். புள்ளி விழுந்தது. ஒரு கணம் நின்றது... மெல்லக் கீழே இறங்கியது.

புள்ளிகள் இறங்காது. நான் இறங்கச் சொல்லவில்லை.

இணையத்தைத் துண்டித்தேன். மறுபடி தொட்டேன்.

இறங்கியது.

மவுசிலிருந்து கையை எடுத்தேன்.

மவுஸ் தானாகவே அழுந்தியது. டிக்...

"சரியாச்சாடா? நர்ஸ் அவசரப்படுத்துறாங்க."

நாலாவதை அழிக்க முடியவில்லை. இணையத்தை மீண்டும் இணைத்து, அந்த வட்டம் திரையில் தெரியாதபடி மறைத்தேன். எங்கள் தொழிலில் இதற்குச் 'சரிசெய்தல்' என்று பெயர்.

"இப்ப மூணுதான் இருக்கு. ஆனா எதுலயும் புள்ளி நிக்கலையே?"

"அனுப்புக்கா. போயிரும்."

போய்விட்டது.

மறுநாள் அறுவை சிகிச்சை நீண்டது; நானும் அத்தானும் வெளியே காத்திருந்தோம். அக்கா பிழைத்துக்கொண்டாள். மாலையில் நர்ஸ் சொன்னார்:

"நடுவுல ஒரு கிட்னிய எடுக்க வேண்டியதாப் போச்சு. கேட்டுட்டுத்தான் எடுத்தோம்."

"யாரைக் கேட்டீங்க?"

"படிவத்துல குறிச்சவரைத்தான். உங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தாரே. உங்களை எழுப்பப் போனேன், வேணாம்னுட்டாரு."

எதிரே உட்கார்ந்திருந்த அத்தானைக் கேட்டேன். நர்ஸ் வந்ததையும், காலி நாற்காலியிடம் குனிந்து பேசியதையும், தலையாட்டிவிட்டுப் போனதையும் அவர் பார்த்தாராம். வேலை அலுப்பு என்று நினைத்துக்கொண்டாராம்.

நான் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம்.