எஞ்சினுக்குப் பிசைந்த மாவு

அண்ணி மைதா பிசைந்துகொண்டிருந்தாள். சாப்பிட அல்ல, எஞ்சினுக்கு. தண்ணீர் கூடினால் பானெட்டில் அப்பிக்கொள்ளும், குறைந்தால் அமுங்காமல் தகட்டை நெளித்துவிடும்.

கல்யாணமாகி வந்த புதிதில், வீட்டை ஒட்டிய ஷெட்டிலிருந்து புருஷன் "கொஞ்சம் மாவு பிசைஞ்சு கொடு" என்று குரல் கொடுத்தபோது, மனுஷருக்குப் பசி போலிருக்கிறது என்று உப்புப் போட்டே பிசைந்து கொண்டுபோனாள். அவர் அதை உருட்டி எஞ்சின் தலையில் வைத்து, பானெட்டைச் சாத்தித் திறந்தார். உருண்டை அப்பளமாகியிருந்தது. "இடம் பத்தல. இன்னும் கீழ இறக்கணும்" என்றார். வண்டிக்கடியில் படுத்திருந்த கொழுந்தன், "அண்ணி, எஞ்சினுக்கு உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்காம்!" என்றான். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் அவள் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

அதற்கப்புறம் எஞ்சின் மாற்றும் நாளெல்லாம் அவளுக்கும் ஷெட்டில்தான் வேலை. வேறு வண்டியின் எஞ்சினை இந்த வண்டியில் உட்காரவைப்பது என்றால் லேசில்லை. முன்னால் தள்ளினால் விசிறி ரேடியேட்டரில் இடிக்கும். பின்னால் போனால் கியர் கம்பி அதன் ஓட்டைக்கு வராது. பக்கவாட்டில் சரிந்தால் ஸ்டியரிங் தண்டில் முட்டும். புருஷன் எஞ்சின் தொங்கும் சங்கிலியைப் பிடிப்பார், கொழுந்தன் அடியில் கிடப்பான், அவள் டார்ச்சோடு முன்னால் நிற்பாள். தூங்குகிற பிள்ளையைக் கட்டிலில் நகர்த்திப் போடுகிற மாதிரி மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை நகர்த்துவார்கள். "மூக்கைத் தூக்குங்க. போதும், போதும்! வானத்தைப் பார்க்குது!" என்று அவள் கத்துவது தெருமுனை வரை கேட்கும். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் ஒருத்தரும் அசையமாட்டார்கள். அந்தத் தீய்ந்த வாடைகூட இப்போது அவளுக்கு வேண்டியிருந்தது.

எல்லாம் கெட்டது இரண்டு விரலால்தான். அந்த ஷெட்டில் அளவுகோலை யாரும் தொட்டதில்லை. விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ரெண்டு விரல் போனால் சரி, அவ்வளவுதான் கணக்கு. ஒருமுறை ஒரு ஜீப்புக்குக் கொழுந்தன் விரல் விட்டுப் பார்த்து, "போகுது" என்றான். ஓட்டிப் பார்க்கும்போது பிரேக் போட்டதும் எஞ்சின் முன்னால் ஒரு ஆட்டம் ஆடியது, விசிறி ரேடியேட்டரைக் கடித்துக் குதறிவிட்டது. வண்டிக்காரர் எதிரிலேயே அண்ணன், "இது விரலா, ஊதுபத்தியா? இதை நம்பி வேலை பார்த்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார். தம்பியும் சும்மா இல்லை. "உன் விரல் வாழைப்பழம் மாதிரி இருந்தா அதுக்கு நானா பொறுப்பு?" பேச்சு வளர்ந்தது. அன்று மாலையே தம்பி தன் ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதோடு அண்ணன் எஞ்சின் மாற்றும் வேலையைத் தொடவே இல்லை. கிளட்ச், பிரேக் என்று சில்லறை வேலையில் காலம் ஓடியது.

இப்போது மாமனார் ஓட்டிய பழைய காருக்கு எஞ்சின் மாற்றுகிறேன் என்று புருஷன் கிளம்பியிருக்கிறார், தோள்வலியோடு, தனியாக. அவள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கொழுந்தனுக்குப் போன் போட்டுவிட்டாள். இதை விட்டால் இரண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழே நிறுத்த வேறு வழி கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

வந்தவன் அண்ணனைப் பார்த்து, "தோளு எப்படி இருக்கு?" என்றான்.

"இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. வேலை மட்டும் பழையபடி ஓடியது. எஞ்சின் இறங்கியது. அவள் டார்ச் அடித்தாள். மாவு உருண்டை அதிகம் நசுங்காமல் தப்பித்தது. அப்புறம் அண்ணன் வாய் தவறிக் கேட்டுவிட்டார்: "ரெண்டு விரல் போகுதா?"

தம்பியின் கை அந்தரத்தில் நின்றது. "யாரு விரல்?"

அவள் சட்டென்று தன் கையை நடுவே நுழைத்தாள். "என் விரலை வச்சுக்கங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கும். போகல, பின்னால தள்ளுங்க."

தம்பி சிரித்துவிட்டான். அண்ணன் சிரிக்கவில்லை, ஆனால் தள்ளினார்.

வேலை முடிந்து கொழுந்தன் சமையலறையில் டீ குடிக்க உட்கார்ந்தான். அண்ணி மெதுவாக ஆரம்பித்தாள். "அடுத்த வாரம் வேன் ஒண்ணு வருது. அதுக்கும் எஞ்சின் மாத்தணுமாம்."

"இன்னிக்கு நீங்க கூப்பிட்டீங்க, வந்துட்டேன் அண்ணி. இனிமே அண்ணன் கூப்பிட்டாத்தான்."

துண்டில் கை துடைத்தபடி அண்ணன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"கேட்டுச்சில்ல?" என்றாள் அவள். "அன்னிக்கு ஊரான் எதிர்ல பேச மட்டும் வாய் இருந்துச்சே. இப்ப 'வாடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

அவர் உள்ளே வந்தார். தம்பியின் டம்ளர் பாதி காலியாகியிருந்தது. பாத்திரத்தில் மிச்சமிருந்த டீயை அதில் ஊற்றி நிரப்பினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்.